உங்கள் பெயருக்கு முன்னால் இரண்டு சொற்கள்

இஞ்சாருங்கோ,

விமானப்படை முகாமில் பதவியில் கீழே இருந்தவர்கள் உங்களை "சேர்" என்றார்கள். மேலே இருந்தவர்கள் "மிஸ்டர் மரியதாஸ்" என்றார்கள். எனக்கு நீங்கள் கலியாணம் கட்டிய நாளிலிருந்து இஞ்சாருங்கோதான். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த ஒரு வருடத்தில் நான் ஆரார்கூடச் சண்டை பிடித்தேன் என்று தெரிந்தால் தலையைச் சொறிந்துகொண்டு கிணற்றடிப் பக்கம் போய்விடுவீர்கள். போனாலும் பரவாயில்லை, சொல்லத்தான் போகிறேன்.

உங்களை ஆஸ்பத்திரியிலிருந்து லிங்கநகர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மத்தியானமே உங்கள் அண்ணன் சூசை வந்தார். நீங்கள் நீல உடுப்புப் போட்ட காலத்திலிருந்து உங்களோடு கதையாத மனிசன். உங்கள் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, மரண அறிவித்தல் எழுதத் தொடங்கினார். வீட்டில் மூத்த ஆம்பிளை அவர்தானே என்று நானும் விட்டுவிட்டேன். எழுதி முடித்துவிட்டு வாசித்துக் காட்டினார். "ஓய்வுபெற்ற அரச ஊழியர் மரியதாஸ்."

"அரச ஊழியர் எண்டால் ஆர்? கச்சேரி ஒபிசில கிளாக்கா இருந்தவரோ?" என்று கேட்டேன்.

"பிலோமினா, சனம் வந்து போற செத்தவீடு. தேவையில்லாத கதையை ஏன் கிளப்புவான்?"

"வாரண்ட் ஒபிசர் மரியதாஸ் எண்டு போடுங்கோ."

"எங்கட ஆக்களுக்கு அந்த உடுப்பு என்ன செய்தது எண்டு உனக்குத் தெரியாதோ?"

தெரியாமல் இருக்குமா? உங்களுக்குத் தெரியாமல் இருந்ததா? நாட்டில் சண்டை தொடங்க முன்னம், எஞ்சின் திருத்தப் படிக்கவேண்டும் என்ற ஆசையில் சேர்ந்தவர் நீங்கள். பிறகு விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர் கதவைச் சாத்தினார்கள். திரும்பிப் போனால் வழியில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்து பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். விட்டுவிட்டு வாங்கோ என்று நானே எத்தனை தரம் அழுதிருப்பேன். "நான் விட்டுட்டு வந்தால் முகாம் வாசலில எங்கட சனத்துக்குத் தமிழில பதில் சொல்ல ஆர் இருப்பான்?" என்று கேட்டீர்கள்.

சூசை அண்ணனுக்கு நான் அன்று சொன்ன கதை உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் நீங்கள் அதை ஒருநாளும் வெளியில் சொன்னதில்லை.

கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலம். முகாம் கொமாண்டர் கொழும்புக்குப் போயிருந்தார். அவருடைய இடத்தில் ஒரு ஸ்குவாட்ரன் லீடர் பொறுப்பாக இருந்தார். பட்டம்தான் ஸ்குவாட்ரன் லீடர், விமான அணித் தலைவர், ஆனால் அவருக்குக் கீழே ஒரு அணியும் கிடையாது, களஞ்சியக் கணக்கைத்தான் பார்த்தார். அதேபோல் அங்கே பைலட் ஒபிசர் என்று ஒரு பெடியன் இருந்தான், விமானத்தில் ஏறினாலே தலைசுற்றிச் சத்தி எடுப்பான். இதெல்லாம் என்ன பெயர்கள் என்று நான் சிரிக்க, "பெயர் வேற, வேலை வேற, பொறுப்பு வேற. மூண்டையும் குழப்பாத" என்று சொல்லுவீர்கள்.

அன்று மேலிடத்திலிருந்து ஒரு குரூப் கெப்டன் தன் விருந்தாளிகளோடு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, கிண்ணியாப் பக்கமிருந்து பாதைப் படகில் துறை கடந்து வந்த ஒரு மனிசன், பிள்ளைவலியில் துடிக்கிற பெண்சாதியைத் தள்ளுவண்டியில் கிடத்தி முகாம் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான். முகாமில் இருந்தது ஒரே ஒரு அம்புலன்ஸ். விருந்தாளிகள் கடலில் குளிக்கப் போகிறார்கள், ஏதும் நடந்தால் வேணும், வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார் குரூப் கெப்டன். ஸ்குவாட்ரன் லீடர் வியர்த்துப்போய் நின்றார். பட்டத்தில் இரண்டு படி மேலே நிற்கிறவரிடம் எப்படி மாட்டேன் என்பது?

நீங்கள்தான் குரூப் கெப்டனுக்கு சலூட் அடித்துவிட்டுச் சொன்னீர்கள். "சேர், நீங்கள் இவரைவிடப் பெரியவர். ஆனால் கொமாண்டர் இல்லாத நேரம் இந்த முகாம் இவற்ர பொறுப்பில. வண்டி போறதும் நிக்கிறதும் இவற்ர கட்டளை." பிறகு ஸ்குவாட்ரன் லீடர் பக்கம் திரும்பி, "சேர், என்ன செய்யட்டும்?" என்று கேட்டீர்கள்.

அவர் ஒரு சொல்தான் சொன்னார். "போகட்டும்."

பிள்ளை பிழைத்தது, தாயும் பிழைத்தாள். உங்களை அதிகாரியாக உயர்த்தப்போகிறார்கள் என்று அதற்கு முன்னம் ஒரு கதை இருந்தது. பிறகு அந்தக் கதையைக் காணவில்லை. கேட்டால், "வாரண்ட் ஒபிசருக்கு என்ன குறை?" என்றீர்கள். குறை இல்லைத்தான். பெயரில்தான் ஒபிசர், அதிகாரிக் கணக்கில் சேராது. நரைத்த தலையோடு மீசை முளைக்காத பெடியனுக்கு நீங்கள் சலூட் அடிக்கவேண்டும். அதே பெடியன் தொப்பி சரிந்திருந்தால் உங்களைக் கண்டு மரத்துக்குப் பின்னால் ஒளிப்பான். இது என்ன விசித்திரமான மரியாதை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கொமாண்டர்மாரின் விசித்திரத்தை எங்கே போய்ச் சொல்ல? ஒருவர் வந்து வழியோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடி என்றார். அடுத்தவர் நீலம் என்றார். அதற்கு அடுத்தவர் கல்லுக்குக் கீழே பாம்பு இருக்கும், எல்லாவற்றையும் அகற்று என்றார். நீங்கள் அகற்றினீர்கள், எறியவில்லை. இனி வருகிறவர் கல் எங்கே என்று கேட்பார் என்று எஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் குவித்து வைத்தீர்கள். கேட்கத்தானே செய்தார்.

இவ்வளவையும் பொறுத்துப்போன உங்களை நான் ஏன் கிளாக்கர் ஆக்கவேண்டும்? சூசை அண்ணனுக்கு அதைத்தான் சொன்னேன். "அவர் ஆரைச் சுட்டார் எண்டு காட்டுங்கோ, நான் அழிக்கிறன். அவர் ஆரைக் காப்பாத்தினார் எண்டு நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ." அவர் எழுதவில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். நான் எழுதினேன்.

அறிவித்தலை பஸ் நிலையச் சுவரில் ஒட்டி இரண்டு மணித்தியாலம் இருக்காது, உங்கள் பெயருக்கு முன்னாலிருந்த அந்த இரண்டு சொல்லையும் ஆரோ நகத்தால் கிழித்துவிட்டார்கள். தகவல் வந்ததும் நானே போனேன். செத்தவீட்டுக்காரி வெளியில் போகக்கூடாது என்று சனம் தடுத்தது. முச்சக்கரவண்டிக்கார நிஸ்தார் பசைவாளியைப் பிடித்துக்கொண்டு நிற்க, பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுக்கப் பார்க்க, புதிசு ஒன்றை அதற்கு மேலேயே ஒட்டினேன். நிஸ்தார், "அக்கா, இன்னும் ரெண்டு கிடக்கு, சந்தைப் பக்கமும் ஒட்டுவமா?" என்றான். ஒட்டினோம்.

இதோடு முடிந்ததென்று நினையாதேயுங்கோ. மற்றப் பக்கமும் என்னை விடவில்லை.

அடக்கத்தன்று முகாமிலிருந்து ஒரு பிளைட் லெப்டினன்ட் மலர்வளையத்தோடு வந்தார். எங்கள் மகள் ஸ்டெல்லாவின் வயது இருக்கும். வாசிக்கப்போகிற உரையை முதலில் எனக்குக் காட்டினார், அது நல்ல பழக்கம்தான். முகாம் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் நான் படித்த சிங்களம் அன்று வாசிக்கவும் கதைக்கவும் உதவியது. "தமிழராக இருந்தும் நாட்டுக்கு விசுவாசமாகச் சேவையாற்றிய" என்று தொடங்கியிருந்தது.

"மகன், அந்த ‘இருந்தும்’ வேண்டாம்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. "அம்மா, இது பாராட்டுத்தானே?"

"தமிழராய் இருந்தார். விமானப்படையில இருந்தார். ரெண்டுக்கும் நடுவில ‘இருந்தும்’ எண்டு போட்டு அவரை ஒரு அதிசயப் பொருள் ஆக்காதேங்கோ. எஞ்சின் திருத்தினார் எண்டு சொல்லுங்கோ, அது போதும்."

"கொமாண்டர் பார்த்து ஒப்பமிட்ட உரை, அம்மா. நான் மாற்றமுடியாது."

"அப்ப கேளுங்கோ."

பந்தலுக்கு வெளியே போய்த் தொலைபேசியில் அழைத்தார். கொமாண்டர் கூட்டத்தில் இருக்கிறாராம். குருவானவர் செபப் புத்தகத்தோடு காத்திருந்தார், பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை அன்றைய ஸ்குவாட்ரன் லீடரைப்போலவே வியர்த்தது. எனக்கு உங்கள் குரல்தான் வாயில் வந்தது.

"கொமாண்டர் இஞ்ச இல்லை. அவர் அனுப்பின ஆள் நீங்கள். இப்ப இது உங்கட பொறுப்பு. இந்த வீட்டுக்குப் பொறுப்பு நான், நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். என்ன செய்யப்போறியள்?"

அவர் பேனையை எடுத்து முதல் வரியை முழுவதும் வெட்டினார். "வாரண்ட் ஒபிசர் மரியதாஸ் எஞ்சின் திருத்துநராக இணைந்தார்" என்றுதான் வாசிக்கத் தொடங்கினார். பெட்டிக்கு முன்னால் நின்று அவர் உங்களுக்கு சலூட் அடித்தபோது, இத்தனை வருடமும் நீங்கள்தானே முதலில் அடித்தீர்கள் என்று நினைத்தேன். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

போன கிழமை கல்லறைக் கல் வேலை நடந்தது. சேமக்காலைக் கமிட்டிக்காரர், பெயரும் பிறப்பும் இறப்பும் மட்டும் போதும் என்றார்கள். பக்கத்துக் கல்லில் "அதிபர்" என்று இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் "டொக்டர்" என்று இருக்கிறதே என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். விட்டுவிட்டார்கள்.

கல் கொத்துகிறவன் உங்கள் பெயரில் பாதி எழுத்து வெட்டியிருக்க, சூசை அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். இன்னுமொரு சண்டைக்கு ஆயத்தமாகத்தான் நின்றேன். அவர் கண்ணாடியைப் போட்டு, பென்சிலால் கீறியிருந்த வரியைக் குனிந்து வாசித்தார். "ஓய்வுபெற்ற வாரண்ட் ஒபிசர்."

"தம்பி, இதில ‘ஓய்வுபெற்ற’ எண்டது என்னத்துக்கு?" என்று கொத்துகிறவனைக் கேட்டார்.

"அக்காதான் அப்பிடி எழுதித் தந்தவ."

"வேண்டாம். அதை எடு. வாரண்ட் ஒபிசர் எண்டு மட்டும் வெட்டு. எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடு, எனக்கே தெரியேல்ல."

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்டாரா, எனக்குத் தெரியாது. கேட்டாரென்று நான் கதை கட்டமாட்டேன். அந்த வரியின் முதல் எழுத்து வெட்டி முடியும்வரை நின்றார், பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கல் இப்போது நிற்கிறது. ஆரும் சுரண்டினால் அடுத்த நாளே திரும்ப வெட்டுவிப்பேன். எனக்கு ஏலாமல் போனால் ஸ்டெல்லா வெட்டுவிப்பாள், சொல்லி வைத்திருக்கிறேன். நாளைக்கு நானும் உங்களுக்குப் பக்கத்தில் வந்து படுக்கிறபோது, என் பெயருக்குக் கீழே வாரண்ட் ஒபிசரின் மனைவி என்று கட்டாயம் இருக்கும்.

ஆருக்கும் அடங்காத உங்கள் வீட்டுக்காரி,
பிலோமினா