சாப்பாட்டு ஜெபம்

ஜெபக்காரம்மாவுக்கு உன் கிழவன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுறது. நான் சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி இருக்கு? என் குறட்டை இல்லாம நல்லா தூங்குறியா?

இங்க பூகம்பத்துல தெருவே மண்மேடா கெடக்கு. சபையிலிருந்து வந்த நாங்க கூடாரம் போட்டு கம்பளி கொடுக்கிறோம். வந்த அன்னைக்கே ஒரு அம்மா என் தாடியப் பாத்து பாதிரியார்னு நெனச்சிடுச்சு. இடிஞ்ச வீட்டக் காட்டி, அதுக்குள்ள சிக்கின மகன் போட்டோவ என் கையில வெச்சு, முழங்கால் போட்டுடுச்சு. ஜெபம் பண்ணணுமாம். வீட்டுல அது உன் டிபார்ட்மென்ட் ஆச்சே! எனக்கு சாப்பாட்டு ஜெபம்தான் வாயில வந்துச்சு. "இந்த ஆகாரத்த ஆசீர்வதியும்"னு முடிச்சேன். நம்ம பாஷை அதுக்குத் தெரியாது. அழுதுக்கிட்டே "ஆமென்" சொல்லிச்சு.

கூட வந்த நம்ம பாஸ்டர் காதுல விழுந்துடுச்சு. "என்ன பெரியவரே, அதுக்குள்ள பசியா?"ன்னார்.

"நீங்களே பண்ணுங்களேன் ஐயா."

"அவங்க உங்களத்தானே கேட்டாங்க."

அதுலேர்ந்து அந்த அம்மா தெனமும் என்னத் தேடி வருது. நேத்து இடிபாட்டத் தோண்டி ஆளத் தேடுற மிஷினையும் நிறுத்திட்டாங்க. காணாம போனவங்களுக்கு ஒரு ஜெபம் பெரிய எழுத்துல எழுதி அனுப்பு. கண்ணாடி உடைஞ்சிடுச்சு, திட்டாத.

அதோ, போட்டோவோட வந்துடுச்சு. இன்னைக்கு ஆகாரம்னு சொல்ல நாக்கு வராது. சும்மா அது கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்கப் போறேன். நீ அங்கேருந்து பண்ணிடும்மா.