முடிச்சு விழாத வேர்

நேற்று சேலையூர் வீட்டில் காய்க்காத கத்தரிச் செடி ஒன்றைப் பிடுங்கினேன். வேர் முழுக்க முடிச்சு. உதறியபோது ஈர மண்ணின் வாசம் எழுந்தது. நீ வந்துவிட்டாய். நீ இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

உனக்கு நெல். எனக்குக் கத்தரி. தாம்பரத்தில், கல்லூரியின் பின்புறத் தகரக் கொட்டகையில், நம் தொட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எந்த நெல் வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் என்பது உன் ஆராய்ச்சி. புழு கலந்த தண்ணீரை நாற்றின் அடியில் ஊற்றுவாய். சில வாரம் கழித்துப் பிடுங்கி, வேரைக் கழுவி, முடிச்சை எண்ணுவாய். எல்லா நெல்லும் தோற்றது, படப்பையில் ஓர் அக்காவிடம் நாம் இருவரும் போய் வாங்கிவந்ததைத் தவிர. அவள் கொடுத்தது ஒரு கைப்பிடி. அதை மூன்று தொட்டிகளில் போட்டாய். மூன்றிலும் வேர் வெள்ளையாக, நேராக இருந்தது.

நெல் எதிர்த்திருக்கலாம். நீ ஊற்ற மறந்திருக்கலாம். உனக்கே சந்தேகம். வேரைச் சிவப்புச் சாயத்தில் ஊறவைத்தாய். பிறகு என்னை இழுத்துப்போய் நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தாய். வேருக்குள் சிவப்பு இழைகளாகப் புழுக்கள். வளராமல் கிடந்தன.

"குடி வந்துட்டானுங்க மச்சான். ஓனர் சோறு தண்ணி காட்டல. செத்துட்டானுங்க."

இரண்டு நாள் கழித்து நம் பேராசிரியர், இன்னொரு பருவம் திரும்பச் செய்து உறுதிப்படுத்து என்றார். உனக்கு வேலைக்கான உத்தரவு வந்திருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தலை குனிந்து நின்றாய்.

"சார், அந்த மூணு தொட்டியில புழு ஊத்த மறந்துட்டேன்."

தவறை ஒத்துக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டும் என்றார் அவர். துறை முழுக்க அதையே பேசியது. வெளியே வந்ததும் ஏன் என்று உன்னைக் கேட்டேன். நீ என்னைத் திருப்பிக் கேட்டாய்.

"ஒரு நெல்லுக்காக ஒரு வருஷத்த விட முடியுமாடா?"

முடியாதுதான். நேரமில்லை என்று எழுதியிருந்தால் பின்னால் வரும் ஒருவன் தேடிப் போயிருப்பான். மறந்தேன் என்றாய். இனி யாரும் தேட மாட்டார்கள்.

மறு வருடம் நான் தனியாகப் படப்பைக்குப் போனேன். அந்த அக்கா வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். விதை கேட்டேன்.

"உங்க சிநேகிதரு வந்து சொல்லிட்டுப் போனாரே சார், அதுல ஒண்ணும் இல்லன்னு. ஊர்ல அல்லாரும் எப்பவோ வுட்டுட்டாங்க. நான் ஒருத்திதான் போட்டுகினு இருந்தேன். இருந்தத கஞ்சி காச்சிக் குடிச்சிட்டோம்."

சிரித்தாள். ஊர் தேடி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லாத விதைக்கு உண்மை எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போன வாரம் உன் இரங்கல் கூட்டம். பேராசிரியர் அந்த மூன்று தொட்டிகளின் கதையைத்தான் சொன்னார், நேர்மைக்கு உதாரணமாக. இரங்கல் கூட்டம் என்பதால் யாரும் கைதட்டவில்லை. அடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தேன். நல்ல நண்பன் என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே சொல்லாமல் விழுங்கியது இதுதான். அவன் மறக்கவில்லை. மூன்றிலும் ஊற்றினான். நான் பக்கத்தில் நின்றேன்.