லோரிப் பாட்டில் உன் குலவை எங்கே?

என் பவளம்மா,

வாயில் இருக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டு இதைக் கேள். நான் கோபமாக இருக்கிறேன். உன்மேல் இல்லை. ஆனால் உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வது?

நம் ரோக்கி தங்கராசு மாமாவின் தொகுப்பை மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்கள். இறுக்கமான கால்சட்டையும் எண்ணெய் வழித்த சுருள்முடியுமாக, ரப்பர் தோட்டத்துக் கல்யாணப் பந்தல்களில் ரோக் அண்ட் ரோல் பாடி ஆடிய அதே மாமாதான். கறுப்பு இசைத்தட்டுக்கு இப்போது திரும்பவும் மவுசு வந்துவிட்டது, தெரியுமா? கைப்பேசியிலும் கேட்கலாம். பளபளக்கும் அட்டை, உள்ளே ஒரு சின்னப் புத்தகம். ‘லோரி ஏறி வந்தேன்’ முதல் பாட்டு.

செய்தி தெரிந்த அன்றே நான் இரண்டு தட்டு வாங்கினேன். ஒன்று தேய்ந்துபோனால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான். நம் வீட்டில் இருந்த பழைய தட்டு, தோட்டத்தைவிட்டுச் செரண்டா டவுனுக்கு மாறிய வருடமே வெயிலில் வளைந்துபோனது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் குரல் அதில் மட்டும்தானே இருந்தது? வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பும் காலம்வரை நீ இருக்கவில்லை. கல்யாண வீடியோக்களிலும் உன் வாய் அசைகிறது, மேலே நாதஸ்வரத்தைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் உன் பேத்தியை உட்காரவைத்தேன். அவள் உன்னைப் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. “கிட்டார் முடியட்டும், பாட்டி வருவாங்க பாரு,” என்றேன். கிட்டார் முடிந்தது. நீ கை காட்டுவதுபோல நான் கையைக்கூட உயர்த்திவிட்டேன் அம்மா. அந்த இடத்தில் இன்னொரு கிட்டார் வந்தது. புதுசாகச் செருகியது. அது முடிந்து மாமா பாட ஆரம்பித்துவிட்டார்.

“பாட்டி எங்க, அம்மா?” என்றாள் அவள்.

என்ன சொல்லியிருப்பாய் நீ?

நான் தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். பிறகு அந்தச் சின்னப் புத்தகத்தைப் பிரித்தேன். டிரம் அடித்தவர், வேன் ஓட்டியவர், இடைவேளையில் தேநீர் கொடுத்த கடைக்காரர், எல்லாருக்கும் நன்றி இருக்கிறது. கோலாலம்பூர் ஒலிப்பதிவுக்கூடத்தில் எடுத்த படமும் இருக்கிறது. நீ கல்யாணப் புடவையில் கதவோரம் நின்ற படம். ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். உன் முழங்கையும் இரண்டு கண்ணாடி வளையலும் மட்டும் மிச்சம்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். பிரவின் என்று ஒரு தம்பி எடுத்தான். பழைய ஒலிநாடாவைச் சுத்தம் செய்தவனே அவன்தானாம்.

“அந்த எடத்துல ஒரு ஸ்க்ரீமிங் சவுண்டு இருந்துச்சிக்கா. யாரோ வெளிய கத்துறாங்கன்னு நெனச்சி எடுத்துட்டோம் லா.”

“தம்பி, அது எங்கம்மா.”

“ஓ… சாரிக்கா. ஆனா இப்ப கேக்க க்ளீனா இருக்குல்ல?”

சுத்தமாம்! மாரியம்மன் தேர் கிளம்பும்போது உன் நாக்கு சுழன்றால் லயத்து வரிசை வீடெல்லாம் வாசலுக்கு வரும். பெண் அழைப்புக்கு உன்னைக் கூப்பிடாத வீடு நம் தோட்டத்தில் இருந்ததா? அதை யாரோ வெளியே கத்துகிறார்கள் என்று எடுத்துப்போட்டுவிட்டானே. அவனும் தமிழ்ப் பிள்ளைதான் அம்மா. குலவை என்றால் என்னவென்று அவனுக்கு நான் போனில் விளக்க வேண்டியிருந்தது.

சும்மா அழகுக்காகவா நீ அந்தப் பாட்டில் குலவையிட்டாய்? மாமாவுக்குக் குரல் உண்டு, ஆட்டம் உண்டு, தாளக் கணக்கு மட்டும் கிடையாது. கிட்டார் ஓடும்போது திரும்ப எங்கே நுழைவது என்று தெரியாமல் முழிப்பார். புக்கிட் ரோத்தான் தோட்டத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுச் சனத்தை ஏற்றிய லோரி வந்து நின்றதும் நீ குலவையிட்டாய். அது முடிந்த இடத்தில் அவர் நுழைந்தார், கச்சிதமாக விழுந்தது. அதற்குப் பிறகு நீ இல்லாமல் அந்தப் பாட்டை அவர் தொட்டதே இல்லை. “தங்கச்சி, நீ கை காட்டுனாத்தான் எனக்கு ரோடு தெரியும்,” என்பாராம். இதை நீதானே சிரித்துச் சிரித்துச் சொல்வாய். மைக்குக்குப் பக்கத்தில் நின்றால் ஒலி அளவு காட்டும் ஊசி உடைந்துவிடும் என்று உன்னைக் கதவோரம் தள்ளி நிறுத்தினார்களாம். அங்கிருந்தே நீ மாமாவை உள்ளே கூட்டிவந்தாய்.

போன வாரம் கோல சிலாங்கூர் மண்டபத்தில் இந்தத் தொகுப்புக்கு விழா. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கடைசியில் போனேன். நம் தோட்டத்துச் சனம் பாதிக்கு மேல் வந்திருந்தது. மாமாவுக்கு முடி கொட்டிவிட்டது. கால்சட்டை தொளதொளவென்று இருந்தது. ஆனால் மைக்கைப் பிடித்ததும் அந்த இடுப்பு வெட்டு அப்படியே வந்தது. உனக்குப் பிடித்திருக்கும்.

முதல் பாட்டு ‘லோரி ஏறி வந்தேன்’. சின்னப் பையன்கள் வாசித்தார்கள். கிட்டார் ஓடி முடிந்தது. மாமா நுழையவில்லை. மேடைக்கு இடப்பக்கம், கதவோரமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பையன்கள் மறுபடி சுற்றினார்கள். அப்போதும் அவர் பாடவில்லை.

“வயசாயிட்டுதுல்ல, வரி மறந்துட்டாரு பாவம்,” என்றாள் என் பின்னால் ஒருத்தி. சிலர் பரிதாபப்பட்டுக் கைதட்டினார்கள்.

அந்தப் பரிதாபத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் ஒரு வரியும் மறக்கவில்லை அம்மா. அவர் உனக்காகக் காத்திருந்தார்.

நான் எழுந்தேன். நாக்கு தானாகச் சுழன்றது. அலுவலக உடையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மண்டபத்தின் நடுவில் நின்று குலவையிட்டேன். மூச்சு முடிந்த இடத்தில் மாமா டக்கென்று உள்ளே வந்தார். சனம் விசிலடித்தது. நான் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் இல்லை.

பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். “பவளத்தோட மவளா நீ?” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஆமா மாமா. எங்கம்மாவ உங்க பாட்டுலேருந்து எடுத்துட்டாங்க. நீங்க கேக்கலையா?”

“எடுத்துட்டானுங்களா?” அவர் முகம் விழுந்துவிட்டது. “காது மந்தம்மா எனக்கு. தட்ட போட்டுக் காட்டுனானுங்க, நல்லா இருக்குன்னு தலைய ஆட்டுனேன்.”

“நல்லா இருந்திருந்தா இன்னிக்கி உங்களுக்கு ரோடு தெரிஞ்சிருக்கும்ல மாமா?”

அவர் என் கைகளை விட்டுவிட்டார். நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டாமோ? கேட்டதற்கு வருத்தப்படவும் எனக்கு மனம் வரவில்லை.

அதற்குள் பிரவின் ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா, செம! நீங்களே ஸ்டுடியோவுக்கு வாங்க. ஃப்ரெஷ்ஷா எடுத்து அந்த எடத்துல வெச்சிடலாம்.”

“எங்கம்மாவோடது பழைய டேப்புல இருக்கா இல்லையா?”

“இருக்கு. ஆனா அதுல கொஞ்சம் கரகரப்பு இருக்குக்கா. உங்களுதும் ஒரே மாதிரிதானே?”

ஒரே மாதிரியா? உன் குலவையின் கடைசியில் மூச்சு உடைந்து ஒரு சிரிப்பு வரும். டிரம் அடித்தவர் கண்ணடித்தார் என்று சொல்வாயே, அந்தச் சிரிப்பு. மாமா நுழைவது அதன்மேல்தான். சாமி கும்பிடும்போது, கல்யாணத்தில், கோபத்தில் என்று எத்தனையோ விதமாக உன்னைக் கேட்டிருக்கிறேன். நீ இளம்பெண்ணாகச் சிரிப்பதை நான் கேட்டது அந்த ஒரு இடத்தில்தான். அதை நான் எங்கிருந்து கொண்டுவருவேன்?

“நான் வரமாட்டேன் தம்பி,” என்றேன். “எடுத்தத எடுத்த எடத்துல வைங்க. அவங்க பேரையும் போடுங்க.”

“தட்டெல்லாம் அடிச்சு முடிச்சாச்சேக்கா…” என்று தலையைச் சொறிந்தான். மாமா, “பேசிப் பாக்குறேம்மா,” என்றார். பேசிப் பார்ப்பாராம். அவர் குரலுக்கு நீ வழி காட்டினாய். உன் குரலுக்கு அவர் பேசிப் பார்ப்பாராம்.

அம்மா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மண்டபத்தில் செய்ததை இனிமேல் செய்யமாட்டேன். உன் இடத்தை நான் நிரப்பிவிட்டால், அந்த இடம் காலி என்பதே இவர்களுக்குத் தெரியாமல் போய்விடும். மாமா பாடும் இடமெல்லாம் போவேன், உன் பேத்தியோடு முதல் வரிசையில் உட்காருவேன், வாயைத் திறக்கமாட்டேன். கிட்டார் முடிந்து அவர் கதவோரம் பார்க்கட்டும். எல்லாரும் பார்க்கட்டும். அந்த ஒலிநாடாவிலிருந்து உன்னை வெளியே கொண்டுவரும்வரை அங்கே வேறு யாரும் வரக்கூடாது, நான்கூட.

உன் நாக்கை வாங்கிப் பிறந்து, அதை இப்போது அடக்கி வைத்திருக்கும் மூத்தவள்,
செல்வி