சீலிங்: மிக நன்று

அனுப்புநர்
ம. புகழ்வேந்தன், எம்.எஸ்சி. (இயற்பியல்),
மூன்றாம் தளம், பி பிளாக்,
சங்கராபரணி அடுக்ககம்,
வில்லியனூர், புதுச்சேரி.

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
அடுக்ககப் பராமரிப்பு வாரியம்,
வில்லியனூர் கோட்டம்.

பொருள்: எனது வீட்டுக்குத் தகுதிக்கு மீறி வழங்கப்பட்ட ஐந்து நட்சத்திர மின்சிக்கனச் சான்றிதழை ரத்து செய்து, படுக்கையறையின் மேற்கூரையை என் மகளின் பிரசவத்துக்கு முன் சீரமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. எனது முந்தைய மனுக்கள் (தங்கள் அலுவலகத்தில் எங்கேனும் இருக்கக்கூடும்).
2. அவற்றை முடித்து வைத்த தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குறை கூறும் மனுக்களையே படித்துச் சலித்திருக்கும் தங்களுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும்: இது அளவுக்கு மீறிப் பாராட்டப்பட்ட ஒருவன் எழுதும் மனு. பாராட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்கிறேன்.

2. நான் திருபுவனையில் ஒரு தனியார் ஆலையின் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர். இருபது ஆண்டுகளுக்கு முன் தங்கள் வாரியத்தின் தொழில்நுட்ப உதவியாளர் பணிக்கு விண்ணப்பித்து, நேர்காணலில் நிராகரிக்கப்பட்டேன் என்பதை இங்கே குறிப்பிடுவது பொருத்தமாகாது. எனவே குறிப்பிடவில்லை.

3. எங்கள் அடுக்ககம் பழையது. வீடு என்னுடையது, அதன் தலைக்கு மேல் உள்ள மொட்டைமாடி வாரியத்தினுடையது. மழைநீர் அந்தத் தளத்தில் தேங்கி, உள்ளே இறங்கி, கம்பிகள் துருவேறி, படுக்கையறையின் மேற்கூரை சென்ற ஐப்பசியில் இருந்து காரை பெயர்ந்து உதிர்கிறது. சொந்தச் செலவில் கொத்தனாரை மாடிக்கு ஏற்றினேன். வாரியத்தின் சொத்தில் அனுமதியின்றிக் கை வைத்ததற்கு விளக்கம் கேட்டு அடுத்த வாரமே கடிதம் வந்தது. தங்கள் அலுவலகத்தால் விரைவாகவும் செயல்பட முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

4. அனுமதி வேண்டாம், தாங்களே சரிசெய்து கொடுங்கள் என்று மனு அளித்தேன். மனுவில், எல்லோருக்கும் புரியட்டுமே என்ற நல்லெண்ணத்தில், ‘படுக்கையறை சீலிங் பழுது’ என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் எளிமையாக எழுதிய ஒரே மனு அதுதான். அதன் பலனை அனுபவித்து வருகிறேன்.

5. கொத்தனாரை எதிர்பார்த்திருந்த வேளையில், பழைய அடுக்ககங்களுக்கு மின்சிக்கனச் சான்றிதழ் வழங்கும் திட்டத்தின் சார்பில் திரு. அன்புராஜ் என்ற இளைஞர் கையில் டேப்லெட்டுடன் வந்தார். மரியாதை தெரிந்தவர், செருப்பை வெளியே கழற்றினார். அவரிடம் இருந்த கேள்விகளில் ஒன்று: ‘சீலிங் எப்படி?’ குளிரூட்டப்பட்ட காற்று வெளியேறாதபடி கதவு, ஜன்னல் இடுக்குகள் அடைபட்டுள்ளனவா என்பதே அதன் பொருளாம். எங்கள் வீட்டில் குளிரூட்டி இல்லை. ஆனால் கேள்வி உண்டு.

“இந்த ஜன்னல் தொறக்காதா சார்?” என்று கேட்டார்.

“துரு புடிச்சி இறுகிக் கெடக்குது தம்பி. தொறந்து மூணு வருஷம் ஆவுது” என்றேன்.

உள்ளங்கையை இடுக்கில் வைத்துப் பார்த்தார். “கொஞ்சங்கூட காத்து வரல சார். செம டைட்டு” என்று மகிழ்ந்தார். அப்போது மேலிருந்து அவருடைய டேப்லெட்டில் சிறிது காரை உதிர்ந்தது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு, ‘மிக நன்று’ என்று பதிவு செய்தார்.

6. மற்ற நட்சத்திரங்களும் இவ்வாறே கிடைத்தன. கொக்கி துருப்பிடித்ததால் படுக்கையறை மின்விசிறியைக் கழற்றி வைத்திருந்தேன்: மின்விசிறிப் பயன்பாடு இல்லை, ஒரு நட்சத்திரம். ஈரம் இறங்கி விளக்கின் ஒயர் எரிந்துபோயிருந்தது: விளக்குப் பயன்பாடு இல்லை, இன்னொரு நட்சத்திரம். ஒரு வீடு முழுவதும் இடிந்து விழுந்தால் எத்தனை நட்சத்திரம் என்று திட்ட விதிகளில் தேடினேன். ஐந்துக்கு மேல் இல்லையாம். வருந்தினேன்.

7. அடுத்த மாதம் வாசற்கதவின் அருகே ஐந்து நட்சத்திரப் பலகை ஒன்று அறையப்பட்டது. அதை அறைந்த அதிர்வில் உள்ளே மேலும் ஒரு துண்டு விழுந்தது. அதே வாரம் பார்வை 2-இல் கண்ட கடிதமும் வந்து சேர்ந்தது: “தங்கள் இல்லத்தின் சீலிங் ‘மிக நன்று’ எனச் சான்றளிக்கப்பட்டுள்ளதால் தங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்படுகிறது.” மூன்று முறை படித்தேன். பிறகுதான் விளங்கியது. ஆங்கிலத்தில் தலைக்கு மேலே இருப்பதற்கு ஒரு சொல், இடுக்கை அடைப்பதற்கு வேறொரு சொல். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் சீலிங். மேற்கூரை, இடுக்கடைப்பு என்று இரண்டு நல்ல தமிழ்ச் சொற்கள் வேலையில்லாமல் காத்திருக்க, தங்கள் அலுவலகமும் நானும் சேர்ந்து இந்த ஒன்றையே பிடித்துக்கொண்டோம்.

8. நேரில் வந்தேன். உதவிப் பொறியாளர் திரு. மணிவண்ணன் என்னை அமரவைத்து, பொறுமையாகக் கேட்டு, என் மனு, சான்றிதழ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் கூறியதை அவர் சொற்களிலேயே தருகிறேன்:

“சார், நீங்க சொல்றது சீலிங். இதுல போட்டிருக்கறது சீலிங். எனக்கு நல்லா புரியுது. ஃபைலுக்குப் புரியணுமே.”

“நீங்க ஒரு வரி எழுதினா புரிஞ்சிடுமே சார்” என்றேன்.

“நான் எழுதினா சர்டிஃபிகேட்டு தப்புன்னு ஆவும். சர்டிஃபிகேட்டு தப்புன்னா ஸ்கீமே தப்புன்னு ஆவும். உங்க ஒரு ரூமுக்காவ ஸ்கீமை நிறுத்தச் சொல்றீங்களா?” என்றார். அவ்வளவு பெரிய ஆசை எனக்கு இருந்ததில்லை என்று கூறி விடைபெற்றேன்.

9. எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் திரு. பச்சையப்பன் தரைத்தளத்தில் வசிப்பவர். பொதுக் குழாய்க்குத் தம் சொந்தப் பூட்டைப் போட்டவர் என்பதால் அவரைத் தாங்களும் அறிந்திருக்கலாம். அவர் வீட்டில் ஜன்னல்கள் திறக்கும். எனவே இரண்டு நட்சத்திரம். இந்த அநீதியை அவர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார். “பிளாக்குலயே அஞ்சு ஸ்டாரு உங்க வூடு ஒண்ணுதான். போட்டோவெல்லாம் எடுத்துனு போயிருக்காங்க. பெட்டிசன் கிட்டிசன்னு போட்டு பிளாக்கு பேரக் கெடுத்துடாதீங்க” என்றார். தலையில் ஒரு துண்டு விழுந்தால் சங்கம் என்ன செய்யும் என்று கேட்டேன். மாலை போடும் என்பதை அவர் சொல்லவில்லை; முகத்தில் தெரிந்தது.

10. இதுவரை எழுதியதைத் தாங்கள் ஒதுக்கிவிட்டாலும் இதை மட்டும் படிக்க வேண்டுகிறேன். என் ஒரே மகள் சுகன்யாவை பாகூரில் கொடுத்திருக்கிறோம். இது அவளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து, இந்த மாசித் தொடக்கத்தில் முறைப்படி அவளைத் தாய்வீட்டில் விட சம்பந்தி வீட்டார் வேனில் வந்தார்கள். சம்பந்தி அம்மாள் தையலம்மாள் வாசலிலேயே பலகையைப் பார்த்து நின்றார். “இன்னா சம்பந்தி, அஞ்சு ஸ்டாரு போட்டிருக்கு. ஓட்டலாக்கிட்டீங்களா?” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பின்னர் மகளுக்கென்று கட்டிலில் புதுப் பாய் விரித்து வைத்திருந்த படுக்கையறைக்குள் போனார். அண்ணாந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. “கம்பி தெரியுதே. பச்சப்புள்ளய இதுங்கீழயா படுக்க வப்பீங்க?” என்று கேட்டார். முன் அறையில் படுக்க வைக்கிறோம் என்றாள் என் மனைவி இளவரசி. “அங்க இன்னைக்கு உதுரல, நாளைக்கு உதுரும். தப்பா நெனச்சிக்காதீங்க. சரி பண்ணிட்டுச் சொல்லியனுப்புங்க, நானே கூட்டியாந்து வுடறேன்” என்று சொல்லி, என் மகளை அதே வேனில் திரும்ப ஏற்றிக்கொண்டார். இரு கைகளிலும் வளையல் குலுங்க அவள் படியிறங்கிப் போன சத்தம் மூன்று தளத்துக்கும் கேட்டது. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. யார் யார் மீது கோபம் கொள்ள வேண்டும் என்பதில் நான் கவனமானவன். அந்த வரிசையில் அந்த அம்மாளுக்கு இடம் இல்லை.

அன்று முதல் இளவரசி என்னிடம் அதிகம் பேசுவதில்லை. “ஊருக்கெல்லாம் மனு எழுதறீங்க. வவுத்துப் புள்ளக்காரிக்கு ஒரு கூரை வாங்கித் தர முடியல” என்றாள், ஒரு முறை. ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

11. எனவே கீழ்க்காண்பவற்றை வேண்டுகிறேன்:

அ) எனது ஐந்து நட்சத்திரங்களையும் பறிமுதல் செய்யவும். தகுதியுடைய வேறு இடம் தேவைப்பட்டால், தங்கள் அலுவலகக் கழிப்பறையின் ஜன்னலும் திறப்பதில்லை என்பதை நேரில் வந்தபோது கவனித்தேன்.

ஆ) இம்மனுவில் நான் கோருவது மேற்கூரை. இடுக்கு அல்ல. மேற்கூரை என்பது தலைக்கு மேல் இருப்பது. ஐயம் எழுந்தால் கோப்பில் இருந்து கண்ணை எடுத்து அண்ணாந்து பார்க்கவும். தங்கள் அறையிலும் ஒன்று உண்டு.

இ) மேற்கூரை மிக நன்று என்றே வாரியம் கருதுமானால், அவ்வாறு கருதும் அலுவலர் எவராயினும் அந்தக் கட்டிலில் ஒரு மதியம் மட்டும் மல்லாந்து படுத்துச் சான்றளிக்கட்டும். புதுப் பாய் விரித்தபடியே இருக்கிறது.

12. மருத்துவர் சித்திரைக் கடைசி என்று சொல்லியிருக்கிறார். பூசி, காய்ந்து, வெள்ளையடிக்க இப்போதே தொடங்கினால்தான் முடியும். தங்களால் இயலாதெனில், நானே செய்துகொள்ளலாம் என்று ஒற்றை வரியில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். கொத்தனாரை நான் பார்த்துக்கொள்கிறேன். வாரியத்தோடு எனக்குள்ள மற்ற வழக்குகளையெல்லாம் ஆற அமரப் பிறகு தொடரலாம், அவற்றுக்கு அவசரம் இல்லை. என் மகள் தன் முதல் பிள்ளையோடு தாய்வீட்டில் பயமின்றிக் கண்ணயர வேண்டும். இதற்கு மட்டும் காத்திருக்க நேரம் இல்லை, ஐயா.

இடம்: வில்லியனூர்
நாள்: 11.03.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ம. புகழ்வேந்தன்

இணைப்பு:
1. ஐந்து நட்சத்திரச் சான்றிதழ், அசல்.
2. படுக்கையறைக் கட்டிலில், தலையணை வைக்கும் இடத்தில், நேற்று விழுந்த மேற்கூரைத் துண்டு ஒன்று, துணிப்பையில். திருப்பி அனுப்ப வேண்டாம்.