எனக்காக நிற்கும் போட்டுகள்

ஆவணி, சனிக்கிழமை, 2006

கொல்கத்தா கால்பந்து கிளப்பில் ஃபார்வர்டாக ஆடும்போது அடிபட்ட முழங்கால் இன்னும் ஆறவில்லை. வெளியே தெரிந்தால் கிளப் என்னைக் கழற்றி விட்டுவிடும் என்பதால் ஊருக்கு வந்தும் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஏதாவது சாக்குச் சொல்லி நாளைய ஊர்ப் போட்டியிலிருந்து விலகத்தான் சாயங்காலம் மீனவப் பஞ்சாயத்துத் தலைவரிடம் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நீ ஆடுறத ஊரே பாக்கணும் தம்பி. நாளைக்கு எவனும் கடல் தொழிலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லிட்டோம். மீறினா அபராதம்."

"சரிங்க" என்றுதான் வாயில் வந்தது. சே!

வீட்டில் அம்மா மீன்கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். "உன்னால நாளைக்கு எனக்கு யாவாரம் போச்சுடா," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

முழங்காலை மடக்க முடியவில்லை. தூக்கமும் இல்லை. வழக்கமாக ராத்திரி இந்நேரம் கடலுக்குக் கிளம்பும் மீன்பிடி போட்டுகளின் இன்ஜின்கள் கரையில் உறுமும். இன்று ஒன்றின் சத்தமும் இல்லை.