ஆறே முக்காலுக்கு ஒரு கமெண்ட்

ஜனவரி 30, வியாழன்

முழங்கால் இன்றும் மடங்கவில்லை. கட்டிலிலிருந்து அடுப்படி வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். அதற்கு மேல் உலகம் கிடையாது. ஜன்னலில் தெரிவது என் சொந்த மாந்தோப்பு. போய்த் தொட முடியவில்லை.

காலை ஆறரைக்கு, தினமும் மலைமேலிருந்து வீடியோ போடும் வட்டவடை மாரீஸ்வரி போனில் லைவ் வந்தாள். பூண்டுக் காட்டில் நின்றுகொண்டு வழக்கம்போல, "அப்பாமாரே, அம்மாமாரே, சாப்டீகளா?" என்றாள். "ஆச்சு அம்மிணி" என்று வாய்விட்டே சொன்னேன். ஆறே முக்காலுக்குக் கமெண்டிலும் எழுதினேன்: ஆறுச்சாமி, முதலமடை. ராகிக் கூழ் குடித்தாயிற்று. பள்ளிக்கூடம் பார்க்காதவன் நான். லாரிகளின் பின்பலகையைப் பார்த்து எழுத்துக் கற்றவன்.

போன மாதம் ஒரு நாள் என் பெயரை வாசித்தாள். "முதலமடை ஆறுச்சாமி அப்பா, ஒடம்பப் பாத்துக்கிடுங்க." பெற்ற மகள் சொல்லாததை அவள் சொன்னாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

முதல் பறிப்பு. செந்தூர மாம்பழம். முதல் கூடை மகள் வீட்டுக்குப் போகவேண்டும். எங்கள் வழக்கம் அது. போன வருஷம் யாருக்கும் கொடுக்காமல் அழுகவிட்டேன்.

பறிக்க வந்த தனபால் கேட்டான்: "ஏனுங்க, கோவிந்தாபுரத்துக்கு நானே வண்டியில கொண்டு போயிரட்டுங்களா? நாச்சக்கா ஊடு போற வழிதானுங்க."

"வட்டவடைக்கு அனுப்பு."

"அந்தப் போன் புள்ளைக்குங்களா?" சிரித்தான். "நல்லாருக்குதுங்க. பெத்த புள்ளைய உட்டுப்போட்டு போன்ல இருக்கற புள்ளைக்குச் சீரு."

முறைத்தேன். கூடையை எடுக்கப் போனான்.

நாச்சம்மாள் என் மகள்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் அம்மாவின் காரியத்தன்று, அத்தனை சனத்துக்கு முன்னால், "ஒரு நாளு முந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா அம்மா இருந்திருக்கும்" என்றாள். கொலைகாரன் என்று சொல்ல வேறு வார்த்தை வேண்டுமா? இரண்டு வருஷமாக அவள் போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுக்கவும் மாட்டேன்.

கூடையில் வைக்கோல் பரப்பி, மனைவியின் பழைய பச்சைச் சீலையில் ஒரு துண்டு கிழித்து வாய் கட்டினேன். அவள் அப்படித்தான் கட்டுவாள்.

பிப்ரவரி 8, சனி

லைவில் கூடையைப் பிரித்தாள். "யாரோ மாம்பழம் அனுப்பிருக்காக. சீட்டு நனைஞ்சுபோச்சு, பேரு தெரியல. யாரா இருந்தாலும் நன்றி உறவுகளே!" சீலைத் துண்டில் கையைத் துடைத்து ஓரமாகப் போட்டாள்.

நான்தான், நான்தான் என்று நான்கு முறை எழுதினேன். ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். என் வரி மேலே ஏறிப் போய்விட்டது.

சீட்டு நனைந்தால் அவள் என்ன செய்வாள்?

பிப்ரவரி 9, ஞாயிறு

கூழ். கமெண்ட் போட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

நேற்றுக் காலை அடுப்படியில் விழுந்தேன். எழ முடியவில்லை. லைவுக்காகத் திறந்து வைத்த போன் அலமாரி மேலே, கைக்கு எட்டாது. மாரீஸ்வரி வந்தாள். "சாப்டீகளா?"

"விழுந்துட்டேன் அம்மிணி" என்றேன்.

"வயித்தக் காயப்போடக் கூடாது, என்ன?" என்று சிரித்தாள்.

கத்தினேன். அவளுக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கத்தினேன் — வேறு யாரைக் கூப்பிடுவது? ஏழு மணிக்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். பிறகு சோப்பு விளம்பரம்.

ஏழரை இருக்கும். வாசலில் ஸ்கூட்டர் சத்தம். நாச்சம்மாள். தலைகூட வாராமல் வந்திருந்தாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தாள்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலைங்க. ஆறே முக்காலுக்கு உங்க கமெண்டு வருமில்லீங்கப்பா. இன்னைக்கு வரலை. ஒரு வருசமா அதைப் பாத்துப்போட்டுத்தானுங்க அடுப்பே பத்த வெக்கறேன்."

தனபால் சொல்லிக்கொடுத்திருப்பான். திருட்டுப்பயல்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது — அவள் அம்மாவுக்கும் நான் சொன்னது இதே வார்த்தை. நாச்சம்மாள் ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.

எலும்பு முறியவில்லையாம். திரும்பக் கொண்டுவந்து விட்டுப் போகும்போது வாசற்படியில் நின்றாள். "லைவ்ல, கூடையில அம்மா சீலையப் பாத்தேனுங்க" என்றாள்.

மன்னிப்புக் கேட்டாளா? இல்லை. நான் மட்டும் ஏன் இறங்க வேண்டும்?

பிப்ரவரி 24, திங்கள்

இன்றைய கமெண்ட்: ஆறுச்சாமி, முதலமடை. இட்லி இரண்டு. வீக்கம் வடிந்துவிட்டது. மாத்திரை வேளைக்குப் போடுகிறேன்.

மாரீஸ்வரிக்கு எதற்கு என் வீக்கம்?

மார்ச் 3, திங்கள்

ஆறரைக்கு லைவ் வரவில்லை. ஆறே முக்கால் ஆயிற்று. ஏழு ஆயிற்று. மாரீஸ்வரிக்குக் காய்ச்சலோ, கல்யாண வீடோ, யாருக்குத் தெரியும்? பழைய வீடியோக்கள்தான் வரிசையாக நிற்கின்றன. அதில் எழுதினால் யார் பார்ப்பார்கள்?

கோவிந்தாபுரத்தில் அடுப்புப் பற்ற வைத்திருக்க மாட்டாள். ஸ்கூட்டரை எடுத்திருப்பாளோ?

ஏழு பத்துக்கு நம்பரைப் போட்டேன். ஒரு ரிங்கூட முழுதாக அடிக்கவில்லை.

"அப்பா?"

"சாப்ட்டாச்சு" என்றேன். வைத்துவிட்டேன்.