படகு எந்தப் பக்கம்

மீர்சாகிப்பேட்டை, சென்னை
12-10-1946

அன்புத் தம்பி ஹபீபுர் ரஹ்மானுக்கு,

உங்கள் மனைவி அஸ்மத்துன்னிசாவின் அக்கா ஜைதூன் பீ ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே மூவரும் சுகம். பினாங்கில் நீங்களும் சுகமாக இருக்க அல்லாஹ் துணை. உங்கள் மகள் ஜஹனாராவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. ரேஷன் அரிசியில் பாதி கல் என்பதால் மற்ற பல்லும் நிற்குமா என்று தெரியவில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. அடுத்த கப்பலில் மனைவியும் பிள்ளையும் வராவிட்டால் அங்கேயே வேறு நிக்காஹ் செய்துகொள்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கம்போல் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். கப்பலுக்குச் சீட்டு எடுக்கிறேன் என்றவருக்கு, வரவில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் யாருக்குத்தான் வராது? அவள் அப்படித்தான் எழுதச் சொன்னாள், எழுதினேன். காரணம் கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. போன வாரம்தான் திறந்தாள்.

சாந்தோமில் ஒரு சட்டைக்காரி, அதாவது ஆங்கிலோ இந்திய அம்மா இருக்கிறார், ரொசாரியோ என்று பெயர். அவருடைய கவுன்களுக்கு நாங்கள்தான் லேஸ் வைத்துக் கொடுக்கிறோம். கப்பலில் வேலை பார்த்த புருஷன் கொண்டுவந்த படச்சீட்டுக் கட்டு ஒன்று அவரிடம் உண்டு. மூன்று சீட்டை வரிசையாக விரித்து நடந்தது, நடப்பது, நடக்கப்போவது என்று சொல்வாராம். இவள் தைத்ததைக் கொடுக்கப் போன இடத்தில், கப்பல் ஏறலாமா என்று கேட்டிருக்கிறாள். குறி கேட்பது ஹராம் என்று தெரியாதா என்றேன். "அந்தம்மாதான் போட்டாங்க அக்கா, நான் சும்மா பாத்துக்கினு இருந்தேன்" என்கிறாள். நல்ல கதை!

அந்த அம்மாள் இவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சீட்டை விரித்து வரிசையைச் சொன்னதோடு, உள்ளே புருஷனுக்கு இருமல் வந்துவிட்டதென்று எழுந்து போய்விட்டார். இவளுக்குப் பொறுமை ஏது? தானே பார்த்துவிட்டாள். முதல் சீட்டில் படகு: அதாவது நீங்கள் கப்பலேறிப் போனது. நடுவில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்: அது தான்தானாம். கடைசியில் இடி விழுந்து ஒரு கோபுரம் சரிய, ஆட்கள் தலைகீழாக விழுகிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கேயா போவது என்று அலறி அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான் அந்தப் பதிலை எழுதச் சொன்னாள்.

கேட்டதும் அவளை இழுத்துக்கொண்டு சாந்தோம் போனேன். அந்த அம்மாள் அதே மூன்று சீட்டையும் எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தார். "நம்பள் இந்தப் பக்கம் இருந்து பாக்கணும், நீ அந்தப் பக்கம் இருந்து பாத்துட்டே" என்றார். அவர் இடமிருந்து வலம். இவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஓதுகிற அரபு எழுத்துத்தானே, வலமிருந்தே கண் ஓடியிருக்கிறது. சரியான வரிசையில் கோபுரம்தான் முதலாவது. அது பினாங்கில் குண்டு விழுந்து போன உங்கள் கடையாம். கடைசிச் சீட்டில் படகு. அதில் ஒரு பெண், ஒரு குழந்தை, நின்று தள்ளுகிற ஓர் ஆள்.

அப்பாடா, தீர்ந்தது என்று எழுந்தேன். இவள் எழவில்லை. அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் முதுகுதானே அக்கா தெரியுது, மூஞ்சியே காணோமே" என்றாள். வழியில் கச்சேரி ரோட்டில் நின்று அழுதாள். அஞ்சு வருஷத்தில் உங்கள் முகம் மறந்துபோனதாம். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறதாம். எனக்கும் அழுகை வந்தது, நடுரோட்டில் எதற்கு என்று அடக்கிக்கொண்டேன்.

தம்பி, சீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் ஏன் அதைப் போய்க் கேட்டாள் என்று இப்போது புரிகிறது. மூத்தவள் என்ற மரியாதைக்கு ஒவ்வொரு கடிதமும் என் பெயருக்கே எழுதுகிறீர்கள். கடைசியில் அவளுக்கு ஸலாம் சொல்லவும் என்று ஒரு வரி. நான் வாசிப்பேன், பிள்ளை பக்கத்தில் நிற்கும், பக்கத்து வீட்டு அன்வரி பேகமும் கேட்பாள். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதுவதை இப்படியா எழுத முடியும்? நீங்களும் எழுதவில்லை.

தமிழையே அரபு எழுத்தில், அரபுத்தமிழில் எழுதினால் அவள் தானே வாசிப்பாள். அவளுக்கு எழுதத்தான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்களும் அதே எழுத்தில் ஓதிய பிள்ளைதானே. நான்கு வரி அவள் பெயருக்கு எழுதுங்கள். எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள், போதும். கப்பல் ஏறிவிடுவாள். நான் இங்கே எப்படியும் இருந்துகொள்வேன், பேட்டையில் ஆளுக்கா பஞ்சம்.

இல்லை, வேறு நிக்காஹ்தான் முடிவு என்றால், அதையும் அந்த எழுத்திலேயே அவளுக்கு எழுதிவிடுங்கள். என் வாயால் அதை அவளுக்கு வாசித்துக் காட்ட முடியாது.

அல்லாஹ் உங்கள் மூவரையும் ஒரே கூரையின் கீழ் வைக்கட்டும்.

உங்கள் நலம் நாடும்,
ஜைதூன் பீ